பழைய இலை பழகாது: பூச்சியுண்ணிச் செடியைப் பெங்களூரு வெயிலில் நிலைக்க வைப்பது

சித்தாப்புரா நர்சரியில் வாங்கிய கெண்டிச் செடியோ, கூரியரில் வந்த வீனஸ் ஃப்ளைட்ராப்போ வீடு வந்து சேர்ந்ததும் நேரே மொட்டை மாடிக்குப் போய்விடுகிறது. இவை வெயில் விரும்பும் செடிகள் என்று கேட்டிருப்போம்; அது சரிதான். ஆனால் மூன்றாம் நாளே இலையில் வெள்ளைத் திட்டு விழுகிறது, ஒரு வாரத்தில் அது பழுப்பாகிக் காய்கிறது. பயந்துபோய் உள்ளே எடுத்துவருகிறோம், கொஞ்சம் தேறியதும் திரும்ப வெளியே வைக்கிறோம். இரண்டு முறை இப்படி அலைக்கழித்தால் செடி பெரும்பாலும் தங்காது.

நிழலில் விரிந்து முடிந்த இலை, வெயில் இலையாக மாறவே மாறாது என்பதுதான் சிக்கல். இலையின் தடிமன், உள்ளே பச்சையமுள்ள உயிரணுக்கள் எத்தனை அடுக்கு, மேலே மெழுகுப் பூச்சு எவ்வளவு என்பதெல்லாம் அது விரியும்போதே முடிவாகிவிடும். நிழல் இலை மெல்லியது. கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் விடாமல் பிடிக்கும்படி அமைந்தது. அதன்மேல் திடீரென முழு வெயில் விழுந்தால், பிடித்த ஆற்றலைச் செலவழிக்க வழியில்லாமல் அது ஆக்சிஜனுக்குப் போய், தீவிரமாக வினைபுரியும் ஆக்சிஜன் வகைகள் உருவாகின்றன. அவை பச்சையத்தையும் சவ்வுகளையும் அரிக்கின்றன. நாம் பார்க்கும் வெள்ளைத் திட்டு அதுதான். கூடுதல் ஒளியை வெப்பமாக வெளியேற்றும் நிறமிகளைச் சில நாட்களில் கொஞ்சம் கூட்டிக்கொள்ள இலையால் முடியும்; அதற்கும் எல்லை உண்டு.

ஆகவே செடி பழகுவது என்றால், பழைய இலைகளைக் கைவிட்டு, புது வெளிச்சத்தில் புது இலைகளை விரிப்பது. எவ்வளவு காலம் ஆகும் என்பதை இலை வரும் வேகம்தான் தீர்மானிக்கும். வளரும் பருவத்தில் ஃப்ளைட்ராப்புக்கும், பனித்துளிச் செடி எனப்படும் ட்ரோசராவுக்கும் ஐந்தாறு வாரம் போதும். நெபந்தஸ் கெண்டிச் செடிக்கு ஓர் இலை விரியவே மூன்று நான்கு வாரம் ஆகலாம்; அதற்கு இரண்டு மூன்று மாதம் ஒதுக்க வேண்டும். இந்தக் காலத்தில் பழைய இலைகள் ஒன்றிரண்டாகக் கருகுவதைப் பார்த்து இடத்தை மாற்றாதீர்கள். கண் வைக்க வேண்டியது நடுக்குருத்தில்.

முதல் நாள் வேலை மண்ணைப் பார்ப்பது. நர்சரித் தொட்டியில் செம்மண்ணோ, மண்புழு உரமோ, உர உருண்டைகளோ இருந்தால் அன்றே மாற்றிவிட வேண்டும். இந்தச் செடிகளின் வேர் சத்தில்லாத, அமிலத்தன்மையுள்ள சதுப்பு நிலத்துக்கானது. உப்புச் செறிவு கூடினால், உப்பில் போட்ட மாங்காய்போல நீரை இழந்து வேர் கருகும். ஃப்ளைட்ராப்புக்கும் ட்ரோசராவுக்கும் உரம் கலக்காத பீட் மாஸ் (சதுப்பில் மட்கிய பாசி) ஒரு பங்கு, கழுவிய பெர்லைட் (பொரித்த எரிமலைக் கல்) ஒரு பங்கு. நெபந்தஸுக்குக் காற்றோட்டம் அதிகம் வேண்டும்: ஸ்பாக்னம் பாசி இரண்டு பங்கு, பெர்லைட் அல்லது மரப்பட்டைத் துண்டு ஒரு பங்கு. கோகோபீட் எனப்படும் தேங்காய் நார்த்தூள் மலிவு, எங்கும் கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் உப்பு ஏறியிருக்கும். வேறு வழியில்லை என்றால் நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, பிழிந்த நீரின் டிடிஎஸ் (கரைந்த மொத்த உப்பின் அளவு) இறங்கும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அந்தப் பாட்டுக்குப் பீட் மாஸே வாங்கிவிடலாம்.

திசு வளர்ப்புக் குப்பியில் வந்த செடி என்றால் வேரில் ஒட்டிய அகர் ஜெல்லியை விரலால் தேய்த்து முழுக்கக் கழுவுங்கள். அதில் சர்க்கரை இருக்கிறது. துளி மிஞ்சினாலும் பூஞ்சை பிடிக்கும். குப்பிக்குள் ஈரப்பதம் கிட்டத்தட்ட 100 சதவீதம் இருப்பதால் அந்த இலைகளின் துளைகளுக்கு மூடிக்கொள்ளவே தெரியாது, மெழுகுப் பூச்சும் இருக்காது. வெளிக்காற்றில் அரை மணி நேரத்தில் துவண்டுவிடும். ஆகவே முதல் வாரம் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மூடிக்குள் வையுங்கள். இரண்டாம் வாரம் மூடியில் நாளுக்கு இரண்டு துளை. மூன்றாம் வாரம் பகலில் சில மணி நேரம் திறப்பு, நான்காம் வாரம் மூடியே வேண்டாம். மூடி இருக்கும்வரை நேர்வெயில் ஒரு கீற்றுகூடப் படக்கூடாது; உள்ளே வெப்பம் ஏறிச் செடி வெந்துவிடும்.

பெங்களூரில் செடி சாவதற்கு வெயிலைவிடத் தண்ணீர்தான் பெரிய காரணம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். 50 பிபிஎம்முக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 100 வரை சமாளிக்கலாம், ஆனால் மாதம் ஒருமுறை மேலிருந்து நிறைய ஊற்றிச் சேர்ந்த உப்பைக் கழுவ வேண்டும். காவிரித் தண்ணீர் பொதுவாக 100க்கு மேல்தான் காட்டும். போர் தண்ணீர் பல பேட்டைகளில் 500ஐத் தாண்டும். அடுக்ககங்களில் இரண்டும் டேங்கர் தண்ணீரும் ஒரே சம்ப்பில் கலப்பதால் இன்று எடுத்த அளவு நாளைக்குப் பொருந்தாது. சாஃப்ட்னர் வைத்திருக்கிறோமே என்றால் அது உதவாது. சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைப் போடுகிறது, மொத்த உப்பு குறைவதில்லை. கொதிக்க வைத்தாலும் பயனில்லை. ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. ஆனால் சுவைக்காகக் கனிமம் திரும்பச் சேர்க்கும் எந்திரங்கள் உண்டு, அதனால் அளந்து பார்த்தே ஊற்றுங்கள். எல்லாவற்றையும்விட மேல் மழைத்தண்ணீர்: முதல் பத்துப் பதினைந்து நிமிட மழையை ஓடவிட்டு, பிறகு பிடித்து மூடிவைக்கலாம். ஏசி குழாயில் சொட்டும் நீரிலும் உப்பு மிகக் குறைவு.

ஃப்ளைட்ராப், ட்ரோசரா தொட்டிகளை 2 செ.மீ. தண்ணீர் நிற்கும் தட்டில் வைக்கலாம். நெபந்தஸை அப்படி வைத்தால் வேர் அழுகும். அதற்கு மேலிருந்து ஊற்றி வடியவிட வேண்டும். தட்டுத் தண்ணீரில் டெங்குக் கொசு முட்டையிடும் என்பதையும் மறக்கக் கூடாது. முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். ஐந்து நாளுக்கு ஒருமுறை தட்டைக் கவிழ்த்து, முட்டை ஒட்டியிருக்கும் விளிம்பைத் தேய்த்துக் கழுவிவிட்டு மறுபடி நிரப்புங்கள். கொசுவைச் செடியே தின்றுவிடும் என்று நம்பி இருந்துவிட முடியாது.

இனி வெயில். முதல் வாரம் நேர்வெயில் படாத, ஆனால் புத்தகம் படிக்க விளக்குத் தேவைப்படாத வெளிச்சமான நிழல். கைபேசி லக்ஸ் செயலியில் ஏறத்தாழ 10,000. உச்சி வெயில் 1,00,000 லக்ஸ் காட்டும், கடைக்குள் சில நூறுதான். இந்த இடைவெளியைப் பார்த்தாலே அவசரம் ஏன் கூடாது என்று புரிந்துவிடும். இரண்டாம் வாரம் காலை 7 முதல் 8 வரை நேர்வெயில். பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை அரை மணி கூட்டுங்கள். ஃப்ளைட்ராப்பும் பெரும்பாலான ட்ரோசராவும் ஐந்தாறு மணி நேர வெயில்வரை போகலாம். நெபந்தஸுக்குக் காலை வெயில் இரண்டு மூன்று மணி போதும், அதற்கு மேல் 50 சதவீத நிழல் வலை வேண்டும். எந்தக் கட்டத்திலும் புதுக்குருத்தில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் முந்தைய படிக்குத் திரும்பி ஒரு வாரம் நிறுத்துங்கள். வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம்.

பால்கனி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் முக்கியம். பெங்களூரு 13 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். டிசம்பரில் வெயில் கொட்டும் தெற்குப் பால்கனி, ஜூனில் நேர்வெயிலே பார்க்காது. அங்கே குளிர்காலத்தில் வைத்த செடி மழைக்காலத்தில் நீண்டு தளர்ந்து போவதற்கு வெளிச்சக் குறைவுதான் காரணம். கிழக்குப் பால்கனியே பாதுகாப்பு. மேற்கு கடினம், மார்ச் ஏப்ரல் பிற்பகலில் வெயிலும் வறண்ட காற்றும் ஒன்றாய்த் தாக்கும். வாங்குவதற்கு நல்ல காலம் ஜூன் முதல் செப்டம்பர்: மேகமே நிழல் வலை, காற்றிலும் ஈரம் இருக்கும். மொட்டை மாடி என்றால் தொட்டியைச் சிமென்ட்டில் நேராக வைக்காமல் பலகைமேல் வையுங்கள். கறுப்புத் தொட்டியை ஒரு வெள்ளைத் தொட்டிக்குள் இறக்கிவிட்டால் வேர் சூடாகாது.

வந்த புதிதில் ட்ரோசராவின் பிசின் துளிகள் காய்ந்திருக்கும். வெளிச்சமும் ஈரமும் சரியானால் ஒன்றிரண்டு வாரத்தில் திரும்பும். மழை அடித்துக் கழுவினாலும் மறுபடி சுரக்கும். நெபந்தஸின் பழைய கெண்டிகள் வறண்டு போகும், புது இலை நுனியில் மொட்டுப்போல வந்தது வளராமல் நிற்கலாம். காற்றின் ஈரம் மாறியதற்கு அது காட்டும் எதிர்வினை அது, நோய் இல்லை. கவலைப்பட வேண்டியவை வேறு. குருத்தே கறுத்தால் அழுகல். புது இலைகள் முறுக்கிக் குட்டையாக வந்தால் அசுவினியோ உப்போ என்று பாருங்கள். ஃப்ளைட்ராப்பில் அசுவினி என்றால் தொட்டியோடு ஒரு நாள் நல்ல தண்ணீரில் முழுக்கிவைத்தால் பெரும்பாலும் போய்விடும். புறாவுக்கு வலைதான் கட்ட வேண்டும். ஸ்பாக்னம் பாசியைக் கூடு கட்டப் பிடுங்கிக்கொண்டு போகும், கூடவே செடியும் வரும்.

பழகும் காலத்தில் தீனி போடாதீர்கள். ஃப்ளைட்ராப்பின் பொறியை விரலால் சீண்டவும் கூடாது. உணர்முடியை இருபது விநாடிக்குள் இரண்டு முறை தொட்டால் பொறி மூடும், இரை இல்லாவிட்டால் ஒரு நாளில் திறக்கும். ஆனால் ஒரு பொறி சில முறை மட்டுமே அப்படி மூடித் திறக்கும். பூங்காம்பு எழுந்தால் ஐந்து செ.மீ. ஆனதும் வெட்டிவிடுங்கள். அந்தச் சேமிப்பு இலைக்குப் போகட்டும்.

எந்தச் செடி வாங்குவது என்பதில் ஒரு பாரபட்சம் சொல்லியே ஆக வேண்டும். ஃப்ளைட்ராப்பின் ஊர் அமெரிக்காவின் கரோலினாக் கடலோரம். அங்கே குளிர்காலம் மூன்று நான்கு மாதம் அதை உறங்க வைக்கும். பெங்களூரு ஜனவரி இரவு சராசரியாக 15 டிகிரிக்குப் பக்கம்தான் இறங்கும், அது போதாது. உறக்கமில்லாமல் ஓரிரு ஆண்டு ஓடும், பிறகு மெலியும். காப்பாற்ற வேண்டுமானால் டிசம்பரில் இலைகளை வெட்டி, கிழங்கை ஈரப் பாசியில் சுற்றி, ஃபிரிட்ஜில் 4 முதல் 8 டிகிரியில் எட்டுப் பத்து வாரம் வைத்து, வாரம் ஒருமுறை பூஞ்சை பார்க்க வேண்டும். இந்தத் தொல்லை வேண்டாதவர்களுக்கு, பகல் சூடும் இரவுக் குளிர்ச்சியும் பிடித்த நெபந்தஸ் கலப்பினங்களும் ட்ரோசராவும் இந்த ஊருக்கே செய்தவை. மேகாலயத்தின் நெபந்தஸ் காசியானாவும் ஒத்துவரும். ஆனால் அது வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பில் உள்ள இனம், காட்டிலிருந்து பிடுங்கியதை வாங்காதீர்கள். விற்பவரிடம் விதையிலோ திசு வளர்ப்பிலோ வந்ததற்கான ஆவணம் கேளுங்கள்.