தைராய்டு கிடங்கும் அமுக்கரா சூரணமும்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்காவுக்குத் தைராய்டு கூடிவிட்டது. டாக்டர் கார்பிமசோல் எழுதிக் கொடுத்தார். பத்து நாளாகியும் படபடப்பு, கை நடுக்கம் எதுவும் குறையவில்லை. நாட்டு மருந்துக் கடையில் தைராய்டுக்கு நல்லது என்று அமுக்கரா சூரணம் கொடுத்தார்கள். மாத்திரையை விட்டுவிட்டு இதைச் சாப்பிடலாமா, இல்லை சேர்த்தே சாப்பிடலாமா?"

இரண்டு யோசனையும் வேண்டாம்; மாத்திரை மட்டும் தொடரட்டும். பத்து நாளில் மாத்திரை ஏன் பேசவில்லை என்பதற்கும், அந்தச் சூரணம் ஏன் இந்த அக்காவுக்கு ஆகாது என்பதற்கும் பதில் அந்தச் சுரப்பிக்குள்ளேயே இருக்கிறது.

அடிப்படை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, ஏறக்குறைய இருபது கிராம் எடையுள்ள சுரப்பி. டி4, டி3 என்று இரண்டு ஹார்மோன்களைச் சுரக்கிறது. மூளையடியில் உள்ள பிட்யூட்டரி, டிஎஸ்ஹெச் என்ற கட்டளையை அனுப்பி இதை ஓட்டுகிறது. ரத்தத்தில் ஹார்மோன் கூடினால் டிஎஸ்ஹெச் குறையும், குறைந்தால் கூடும். "எனக்குத் தைராய்டு இருக்கிறது" என்று நம் ஊரில் சொல்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. தைராய்டு எல்லோருக்கும் இருக்கிறது. சுரப்பு குறைந்தவர்களே மிக அதிகம் என்பதால், கடைக்காரர் "தைராய்டுக்கு" என்று எடுத்துக் கொடுக்கும் பொருள் பெரும்பாலும் சுரப்பைக் கூட்டுவதற்காகச் சொல்லப்படுவது. அக்காவுக்கு வந்திருப்பதோ நேர் எதிர்.

இனி அந்தச் சுரப்பியைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். தைராய்டுத் திசுவை மெல்லிய சீவலாகச் சீவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், வட்ட வட்டமாக நுண்ணறைகள் தெரியும். ஒவ்வொரு வட்டத்தின் விளிம்பிலும் ஒரே வரிசையாகச் செல்கள். நடுவில் இளஞ்சிவப்பாய், ஆறிய ஜவ்வரிசிக் கஞ்சி போல ஒரு பாகு. அந்தப் பாகுதான் கிடங்கு. தைரோகுளோபுலின் என்ற மாபெரும் புரதம் அதில் நிறைந்து கிடக்கிறது. ரத்தத்தில் அருகிய அயோடினைச் செல்கள் இருபது, முப்பது மடங்கு செறிவுக்கு இழுத்துச் சேர்க்கின்றன. பெராக்சிடேஸ் என்ற நொதி, முடியை வெளுக்கப் பயன்படும் அதே ஹைட்ரஜன் பெராக்சைடைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அந்த அயோடினைப் புரதத்தின் டைரோசின் என்ற அமினோ அமிலக் கண்ணிகளில் ஒட்டவைக்கிறது. பிறகு அயோடின் ஏறிய இரண்டு கண்ணிகளை ஒன்றோடொன்று கோக்கிறது. டி4 உருவாகிவிட்டது, ஆனால் இன்னும் புரதத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பலாப்பழத்துக்குள் சுளை முற்றிவிட்டாலும் பழத்தை வெட்டினால்தானே சுளை கிடைக்கும்? கட்டளை வரும்போது செல் அந்தப் பாகில் ஒரு மிடறு விழுங்கி, புரதத்தை அரைத்து, டி4ஐப் பிரித்து ரத்தத்தில் விடுகிறது.

சுற்றி வளைத்த ஏற்பாடு. கணையம் இன்சுலினைச் செல்லுக்குள்ளேயே சிறு சிறு பொட்டலங்களாக வைத்திருக்கிறது. அட்ரீனல் சுரப்பி கார்டிசாலைச் சேமிப்பதே இல்லை, கேட்டவுடன் தயாரித்துக் கொடுக்கிறது. தைராய்டு மட்டும் செல்லுக்கு வெளியே தொட்டி கட்டி, இரண்டு மூன்று மாதத்துக்கான சரக்கை இருப்பு வைக்கிறது. அயோடின் கிடைப்பது அவ்வளவு அரிது என்பதே காரணமாக இருக்க வேண்டும். நாளொன்றுக்கு நமக்குத் தேவை 150 மைக்ரோகிராம். எழுபது ஆண்டு வாழ்ந்தாலும் மொத்தம் நான்கு கிராமைத் தாண்டாது. அந்தச் சொற்பமும் மழையில் கழுவப்பட்ட மலை மண்ணில் இருப்பதில்லை. 1956இல் தொடங்கிய ஆய்வில், இமயமலை அடிவாரத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசுவாமி குழுவினர் உப்பில் அயோடின் சேர்த்துக் கொடுத்து, அங்கு வீட்டுக்கு வீடு இருந்த கழுத்துக் கழலையைக் குறைத்துக் காட்டினார்கள்.

இப்போது அக்காவின் மாத்திரைக்கு வருவோம். சுரப்பு கூடுவதற்கு முதன்மையான காரணம் கிரேவ்ஸ் நோய். டப்ளினில் ராபர்ட் கிரேவ்ஸ் 1835இலும், ஜெர்மனியில் பாஸெடோ 1840இலும் விவரித்தது. உடலின் எதிர்ப்பாற்றல் தவறுதலாக ஓர் எதிர்ப்புரதத்தை உண்டாக்குகிறது. அது டிஎஸ்ஹெச் அமர வேண்டிய இருக்கையில் அமர்ந்துகொண்டு "சுரந்துகொண்டே இரு" என்கிறது. பிட்யூட்டரி தன் கட்டளையை அறவே நிறுத்திவிட்டாலும் இந்தப் போலிக் கட்டளை நிற்பதில்லை. ரிப்போர்ட்டில் டிஎஸ்ஹெச் 0.01க்கும் கீழே போய், ஃப்ரீ டி4 (ரத்தப் புரதத்தில் ஒட்டாமல் தனித்துத் திரியும் டி4) ஏறியிருப்பது இதனால்தான்.

கார்பிமசோல் உடலுக்குள் போய் மெதிமசோலாக மாறி, மேலே சொன்ன பெராக்சிடேஸ் நொதியை முடக்குகிறது. இத்தகைய மருந்துகளை மனிதருக்குக் கொடுத்துப் பலன் கண்டவர் எட்வின் ஆஸ்ட்வுட். அறிக்கை 1943இல் வந்தது. கவனிக்க வேண்டியது, மருந்து தடுப்பது புது உற்பத்தியை மட்டும்தான். பாகில் ஏற்கெனவே கோத்துத் தயாராக இருக்கும் சரக்கை அது தொடுவதே இல்லை. சூளையை அணைத்துவிட்டாலும், அடுக்கி வைத்த செங்கல் தீரும்வரை லாரி போய்க்கொண்டுதானே இருக்கும்? போதாக்குறைக்கு, ரத்தத்துக்கு வந்துவிட்ட டி4 பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். ஆகவே 20 முதல் 40 மில்லிகிராம் என்று தொடங்கினாலும் நிலவரம் சீராக மூன்று முதல் எட்டு வாரம் பிடிக்கும். கழலை பெரிதாக இருந்தால் இருப்பும் பெரிது, காத்திருப்பும் நீளும்.

அதுவரை படபடப்பைத் தாங்க வேண்டுமே என்றுதான் ப்ரோப்ரனலால் போன்ற மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அது சுரப்பியைத் தொடாது; இதயமும் கையும் அட்ரினலினுக்குக் காட்டும் துள்ளலை அடக்கும், அதுவும் ஒரு மணி நேரத்துக்குள். ஆஸ்துமா இருப்பவர் கட்டாயம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அக்காவின் சீட்டில் இந்த மாத்திரை இல்லையென்றால், ஏன் இல்லை என்று டாக்டரைக் கேட்பது நியாயமான கேள்வி.

ஆறாவது வார ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். டி4 இறங்கியிருக்கும், டிஎஸ்ஹெச் மட்டும் தரையிலேயே கிடக்கும். நீண்ட நாள் அடங்கிக் கிடந்த பிட்யூட்டரி விழித்தெழச் சில மாதம் எடுத்துக்கொள்ளும். முதல் சில மாதங்களுக்கு அளவை மாற்றுவது ஃப்ரீ டி4, டி3 எண்களைப் பார்த்துத்தான். பிறகு 5, 10 மில்லிகிராம் என்று குறைத்து, மொத்தம் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம். நிறுத்திய பிறகு ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்ப வருகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

கிடங்கின் கதையில் எனக்கு மிகப் பிடித்தது அடுத்த பகுதி. சிலருக்கு உற்பத்தி கூடுவதே இல்லை. தொட்டி உடைந்து சரக்கு ஒழுகுகிறது. வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு கழுத்து வலியோடு வருவது ஒன்று, பிரசவமான சில மாதங்களில் வலியில்லாமல் வருவது இன்னொன்று. ரிப்போர்ட்டில் அதே எண்கள், உடம்பில் அதே நடுக்கம். ஆனால் சூளையே எரியாதபோது அதை அணைக்கும் மாத்திரைக்கு வேலையில்லை. கார்பிமசோல் கொடுப்பது வீண். டிஎஸ்ஹெச் ஏற்பி எதிர்ப்புரதச் சோதனையோ, டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருளைச் செலுத்தி ஸ்கேனோ எடுத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். கிரேவ்ஸில் சுரப்பி ஸ்கேனில் பளிச்சென்று ஒளிரும். ஒழுகும் தைராய்டில் படமே விழாது.

ஒழுகல் வகை, சரக்கு தீர்ந்ததும் இரண்டு மூன்று மாதத்தில் தானாகவே அடங்கும். கொஞ்ச நாள் சுரப்பு குறைந்து, பிறகு பெரும்பாலோருக்குச் சீராகும். அந்த மூன்று மாதத்தில் கஷாயம் கொடுத்தவர், கயிறு கட்டியவர், யாராக இருந்தாலும் "குணப்படுத்திய" பெயர் அவருக்குப் போய்ச் சேரும். "மூன்றே மாதத்தில் தைராய்டு போயே போச்சு" என்று சொல்கிற பலர் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு வந்தது போகக்கூடிய நோய்.

ஆயுர்வேதத்தை இதற்காக ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. சுஸ்ருதர் 'கலகண்டம்' என்று கழுத்து வீக்கத்தைப் பேசுகிறார். அது வீக்கத்தைப் பற்றியது, ஹார்மோனைப் பற்றியது அல்ல. சரக சம்ஹிதையில் வரும் 'அத்யக்னி' இன்னும் சுவாரஸ்யமானது: செரிமான நெருப்பு மிதமிஞ்சி, தின்றதையெல்லாம் எரித்து, பிறகு உடலின் தாதுக்களையே எரிக்கும் நிலை. அதற்குச் சொல்லும் உணவு கனமானது, இனிப்பானது: நெய், பால், பாயசம். மாதம் மூன்று நான்கு கிலோ இளைத்துக்கொண்டிருப்பவருக்கு, எலும்பில் சுண்ணாம்பு கரைந்துகொண்டிருப்பவருக்கு, பாலும் நெய்யும் நல்ல யோசனைதான். ஆனால் அவை போலிக் கட்டளையை நிறுத்தாது.

மூலிகைகளின் கதை வேறு. அமுக்கரா கிழங்கு, அதாவது அஸ்வகந்தா: இந்தூரிலுள்ள தேவி அகல்யா பல்கலைக்கழகத்தில் 1990களின் இறுதியில் சுண்டெலிகளுக்கு இதன் வேர்ச்சாற்றை இருபது நாள் கொடுத்தபோது டி4 ஏறியது. 2018இல் வெளியான ஆய்வொன்றில், சுரப்பு லேசாகக் குறைந்த ஐம்பது பேரில் பாதிப் பேருக்கு நாள்தோறும் 600 மில்லிகிராம் சாறு எட்டு வாரம் கொடுத்தார்கள்; டி3, டி4 கூடின. நலமாக இருந்தவர்கள் அஸ்வகந்தா மாத்திரை தின்று தைராய்டு நச்சு நிலைக்குப் போன நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. மந்தாரைப் பட்டையும் குக்குலுப் பிசினும் சேர்ந்த, கழுத்து வீக்கத்துக்குப் பெயர்போன காஞ்சனார குக்குலுவை எடுத்துக்கொண்டால், அதே இந்தூர் ஆய்வகத்தில் குக்குலுவும், மந்தாரை இனத்தில் ஒன்றின் பட்டையும் சுண்டெலிகளில் ஹார்மோனைக் கூட்டின. சுரப்பு குறைந்தவருக்கு இவற்றைப் பற்றி வாதாடலாம். கூடியவருக்கு இவை எரிகிற சூளைக்கு இன்னும் நாலு கட்டை விறகு.

அதே ஆய்வாளர்கள் துளசி இலைச் சாறு டி4ஐயும், முருங்கை இலைச் சாறு டி3ஐயும் எலியினங்களில் குறைத்ததாகவும் எழுதியிருக்கிறார்கள். எலியிலிருந்து மனிதருக்கு வரும் பாதை நீளம். அதற்காக முருங்கைக்கீரைக் கூட்டுக்குப் பயப்படவும் வேண்டாம், அதை மருந்தென்று நம்பவும் வேண்டாம். என் ஆதங்கம் வேறு. பாரம்பரிய மருத்துவத்துக்குத் தனி அமைச்சகமே 2014இல் வந்துவிட்டது. பெருமை பேசச் செலவாகும் பணத்தில் ஒரு பங்கை, இப்படிக் கையில் கிடைத்த நூல்முனையைப் பிடித்து ஒழுங்கான மனித ஆய்வு நடத்தச் செலவிட்டால் என்ன? சர்ப்பகந்தா மூலிகையை நினைத்துப் பாருங்கள். அதிலிருந்து 1952இல் ரெசர்பின் என்ற மருந்து பிரிக்கப்பட்டது. ப்ரோப்ரனலால் வருவதற்கு முன்பு தைராய்டுப் படபடப்பை அடக்கவும் அதைக் கொடுத்தார்கள். மனச்சோர்வைக் கொண்டுவந்ததால் பின்தங்கியது. மூலிகையில் சரக்கு உண்டு. எவ்வளவு, யாருக்கு, என்ன கெடுதலோடு என்பதைத்தான் ஆய்வு சொல்லும்.

மாத்திரையைத் திடீரென்று விட்டுவிடுவதில் உள்ள ஆபத்து தைராய்டுப் புயல். இடையில் டெங்குவோ நிமோனியாவோ வந்தால் கடும் காய்ச்சல், பிதற்றல், கட்டுக்கடங்காத நாடித்துடிப்பு என்று ஐசியு வரை போகும். அங்கே செய்யும் சிகிச்சையின் வரிசையைப் பாருங்கள்: முதலில் உற்பத்தியைத் தடுக்கும் மருந்து, குறைந்தது ஒரு மணி நேரம் கழித்துத்தான் லூகால் அயோடின் கரைசல். அளவு மீறிய அயோடின் கிடங்கின் கதவைச் சில நாள் அடைத்துவிடும். ஆனால் அதை முதலில் கொடுத்தால் சூளைக்குக் கச்சாப்பொருளாகிவிடும். கடற்பாசிப் பொடியை இந்த நோயாளிகள் தொடக்கூடாது என்பதும் இதே கணக்கில்தான். வீட்டு அயோடின் உப்பை நிறுத்தத் தேவையில்லை.

மாத்திரை ஒத்துவராதவர்களுக்கும், திரும்ப வந்தவர்களுக்கும் இரண்டு வழி. ஒன்று அறுவை. மற்றொன்று கதிரியக்க அயோடின். பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் 1941இல் தொடங்கிவைத்தது. சுரப்பியின் அயோடின் பசியையே தூண்டிலாக்கும் சாமர்த்தியம் இது. விழுங்கும் அயோடின்-131 நேராகக் கிடங்குக்குப் போய் உட்கார்ந்து, இரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்கும் பீட்டாக் கதிரால் சுற்றியுள்ள செல்களை எரிக்கிறது. அரையாயுள் எட்டு நாள். கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் கூடாது. சில நாள் குழந்தைகளை நெருங்கித் தூக்கவும் கூடாது. கிரேவ்ஸ் நோயில் சிலருக்கு வரும் கண் பிதுக்கம் இருந்தால், அதிலும் புகைபிடிப்பவராக இருந்தால், கண் நிலை மோசமாகலாம். பெரும்பாலோர் பிறகு சுரப்பு குறைந்து ஆயுளுக்கும் தைராக்சின் (டி4) மாத்திரை போட வேண்டியிருக்கும். அந்த மாத்திரை ஒத்துப்போவது எளிது.

அக்காவிடம் சொல்ல வேண்டியவை இன்னும் சில. கார்பிமசோல் சாப்பிடும்போது காய்ச்சலோடு தொண்டை வலி, வாய்ப்புண் வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றே போய் ரத்த வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். ஆயிரத்தில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில், வெள்ளணுக்கள் சரிந்துபோகும். கண் மஞ்சளித்தாலும் மாத்திரையைப் போடாமல் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்; அது கல்லீரல் கெடுவதன் அறிகுறி. மாத்திரை, சூரணம் இரண்டையும் ஒன்றாகத் தின்றுகொண்டிருந்தால், கல்லீரலைக் கெடுத்தது எது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு, ஏனென்றால் அஸ்வகந்தாவுக்கும் அந்தக் கெட்ட பெயர் உண்டு. கர்ப்பம் தரிக்கும் எண்ணமிருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். முதல் மூன்று மாதத்துக்கு வேறு மாத்திரைக்கு மாற்றுவார்கள்.

இன்னொன்று: முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை போடுகிறாரா? பல லேப் கருவிகள் பயோட்டினையே பசையாக வைத்து ஹார்மோனை அளக்கின்றன. 10 மில்லிகிராம் பயோட்டின் உடம்பில் இருந்தால், நலமாக இருப்பவருக்கும் டிஎஸ்ஹெச் குறைவு, டி4 அதிகம் என்று கிரேவ்ஸ் போலவே ரிப்போர்ட் வரலாம். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும்.

சூரணம் ஏற்கெனவே சில நாள் உள்ளே போயிருந்தால் இன்றோடு நிறுத்திவிட்டு, மாத்திரையை விடாமல் தொடரட்டும். அடுத்த முறை போகும்போது டப்பாவையும் கையோடு எடுத்துப்போய் டாக்டர் மேஜையில் வைக்கச் சொல்லுங்கள். நான்கு முதல் ஆறு வாரம் கழித்து எடுக்கும் ஃப்ரீ டி4, டி3 சோதனைதான் முதல் நிஜமான நிலவரம்.