ஏரி மேலே ஏறினால் எஞ்சின் இளைக்கும்

கலிபோர்னியாவில் சாக்ரமெண்டோ டெல்டா கிட்டத்தட்ட கடல் மட்டத்தில் இருக்கிறது. அங்கே வேக்சர்ஃபிங்குக்கு, அதாவது படகு பின்னால் எழுப்பும் அலையில் பலகை மேல் நின்று சறுக்கும் விளையாட்டுக்கு, அருமையாக ஓடிய ஒரு படகை டிரெய்லரில் கட்டி, சில மணி நேரம் மலையேறி, டாஹோ ஏரியில் இறக்குகிறார்கள் என்று வையுங்கள். அதே ஆட்கள், அதே எடை. ஆனால் லிவரை முழுக்கத் தள்ளியும் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு தவழ்கிறதே தவிர வேகம் பிடிக்க மாட்டேன் என்கிறது. பின்னால் ஆள் பலகையில் எழுந்து நின்றுவிட்டார், அவரைத் தள்ளிக்கொண்டு போக அலைதான் வரவில்லை. எஞ்சினில் ஏதோ கோளாறு என்று மெக்கானிக்கைத் தேடத் தோன்றும். கோளாறு ஒன்றும் கிடையாது, டாஹோ 1,897 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். மலைப்பாதையில் போகும்போது சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள், அதே சங்கதி. எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் உறிஞ்சுவது குறிப்பிட்ட கன அளவு காற்றை. அந்த அளவு மாறாது, ஆனால் அதற்குள் இருக்கும் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆக்சிஜன் குறைந்தால் எரிக்கக்கூடிய பெட்ரோலும் குறையும். 400 குதிரைத்திறன் என்று எழுதியிருக்கும் எஞ்சின் டாஹோவில் சுமார் 320தான் தரும். கொலராடோவின் கிரான்பி ஏரி இன்னும் மேலே, 2,500 மீட்டருக்குச் சற்று அதிகம். அங்கே 300 கூடத் தேறாது. "என்னுடையது ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், தானாகச் சரிசெய்துகொள்ளும்" என்று சிலர் சொல்வார்கள். சரிசெய்வது உண்மைதான், ஆனால் இருக்கிற காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோலைக் குறைத்துக் கொடுக்கிறதே தவிர, இல்லாத காற்றை அது எங்கிருந்து கொண்டுவரும்?

காற்று மெலிகிறது, தண்ணீர் மெலியவில்லை. தொல்லையே இதுதான். ஒரு லிட்டர் தண்ணீர் டாஹோவிலும் ஒரு கிலோதான். வேக்சர்ஃபிங் படகில் பெரிய அலை வேண்டும் என்பதற்காகவே தொட்டிகளில் ஆயிரம், இரண்டாயிரம் கிலோ தண்ணீரை நிரப்பி, படகின் பின்பக்கத்தை வேண்டுமென்றே அமுக்கி வைப்பார்கள். ஓட்டும் வேகமும் மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டர்தான். மெதுவான வேகம்தானே, எஞ்சினுக்கு என்ன கஷ்டம் என்று தோன்றும், ஆனால் ஒரு படகுக்கு இதைவிட மோசமான வேகம் கிடையாது. தண்ணீரைத் தொடும் நீளம் ஆறரை மீட்டர் உள்ள படகு மணிக்கு 11, 12 கிலோமீட்டரைத் தாண்டும்போது, தானே எழுப்பிய அலையின் மேல் ஏற ஆரம்பிக்கிறது. இன்னும் வேகம் எடுத்தால் அந்த மேட்டைத் தாண்டி நீர்ப்பரப்பின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். வேக்சர்ஃபிங்கில் தாண்ட விடுவதில்லை. மேட்டில் பாதி ஏறிய நிலையிலேயே மணிக்கணக்கில் ஓட்டுகிறோம், ஏனென்றால் எஞ்சின் படும் அந்த அவஸ்தைதான் பின்னால் அலையாக வருகிறது.

சரி, பெரிய எஞ்சின் வாங்கிவிடலாமா? பொறுங்கள், அதற்கு முன்னால் புரொப்பெல்லரைப் பாருங்கள். பலர் பல ஆயிரம் டாலரை எஞ்சினில் போட்டுவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

புரொப்பெல்லர்தான் படகின் கியர். ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் முன்னேற வேண்டும் என்று அதன் இதழ்கள் முறுக்கப்பட்டிருக்கும், அந்தத் தூரம்தான் பிட்ச். கடல் மட்டத்துக்கு என்று கொடுத்த பிட்ச், மலையில் இளைத்த எஞ்சினுக்கு மூன்றாவது கியரில் மேடு ஏறுவது போல. எஞ்சினால் சுழல் வேகம் எடுக்க முடியாது. அதன் சக்தி முழுக்க இருப்பதோ அதிகச் சுழற்சியில். ஆக, காற்று 20 சதவீதத்தைப் பறித்தால், பொருந்தாத புரொப்பெல்லர் மீதியிலும் கொஞ்சத்தைப் பறித்துவிடும். பிட்சை ஓர் அங்குலம் குறைத்தால் முழு லிவரில் சுமார் 200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 200 சுற்று) கூடும். உச்ச வேகம் குறையும், குறையட்டுமே, மணிக்கு 18 கிலோமீட்டரில் ஓடும் விளையாட்டுக்கு உச்ச வேகம் எதற்கு?

இதைக் கழற்றுவது லேசான வேலை இல்லை. எஞ்சின் உள்ளேயே இருக்கும் இன்போர்டு படகில், புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டின் முனை கூம்பாக இருக்கும், புரொப்பெல்லர் அதில் இறுகக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நட்டை முழுக்கக் கழற்றாமல் இரண்டு சுற்று விட்டுவைத்து, புல்லர் என்ற இழுப்புக் கருவியை மாட்டித் திருகிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் 'டங்' என்று விடும். நட்டு இல்லையென்றால் கால் மேல்தான் விழும். தண்டில் இருக்கும் சின்னச் சாவிக்கட்டையைப் புல்லில் தொலைத்துவிடாதீர்கள். பழைய புரொப்பெல்லரையும் வைத்திருங்கள். சமவெளிக்குத் திரும்பி மலைப் புரொப்பெல்லரோடு ஓட்டினால் எஞ்சின் அளவுக்கு மேல் சுழன்று, சுழல் வேகத்துக்கு வரம்பு போடும் லிமிட்டரில் போய் இடிக்கும்.

இப்போது எஞ்சினுக்கு வருவோம். காற்றை அமுக்கி ஊட்ட இரண்டு வழிகள் உண்டு, இரண்டும் ஒன்றல்ல. சூப்பர்சார்ஜர் பெல்ட்டில் ஓடுவது. வெளிக்காற்றை ஒரே விகிதத்தில் பெருக்கும். ஒன்றரை மடங்கு பெருக்கினால் கடல் மட்டத்தில் 1.5, டாஹோவில் 1.5 பெருக்கல் 0.8, அதாவது 1.2. இழப்பு இருக்கிறது, ஆனால் இழந்த பிறகும் கடல் மட்டத்தில் ஓடும் சாதா எஞ்சினைவிட மேல். டர்போ புகையின் வேகத்தில் சுழல்வதால், காற்று மெலிந்தால் இன்னும் வேகமாகச் சுழன்று இழந்த அழுத்தத்தை கிட்டத்தட்ட முழுதாகவே மீட்டுவிடும். காகிதத்தில் டர்போதான் ஜெயிக்க வேண்டும். ஆனால் சுற்ற ஆரம்பிக்கவே அதற்குப் புகை வேண்டும், சிறிய எஞ்சினில் மெலிந்த காற்றில் அந்த முதல் சில நொடிகள் சோம்பலாகவே இருக்கும், மேட்டில் ஏற வேண்டியதோ அந்த நொடிகளில்தான். என்னைக் கேட்டால், டாஹோ அளவு உயரத்துக்கு 6 லிட்டருக்கு மேற்பட்ட, சூப்பர்சார்ஜரோ டர்போவோ இல்லாத சாதா வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், அதோடு பொருத்தமான புரொப்பெல்லர், அது போதும். கிரான்பி மாதிரி இடத்தில் தொட்டியை நிரப்பி, பத்துப் பேரையும் ஏற்றிக்கொண்டு போவதானால் சூப்பர்சார்ஜருக்குக் காசு செலவழிக்கலாம்.

அப்புறம் பெட்ரோல். அமெரிக்க மலை மாநிலங்களில் 85 ஆக்டேன் பெட்ரோல் விற்கும். ஆக்டேன் எண் குறைந்தால் பெட்ரோல் அழுத்தத்தில் நேரத்துக்கு முன்பே தானாக வெடிக்கும், அதுதான் நாக்கிங். மலையில் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு, நாக்கிங் வராது என்ற பழைய கணக்கு அது. சூப்பர்சார்ஜரும் டர்போவும் அந்த அழுத்தத்தைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுவதால் அந்தக் கணக்கு அங்கே செல்லாது. கையேட்டில் என்ன ஆக்டேன் போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள்.

வெயிலையும் விட்டுவிடக் கூடாது. டாஹோவில் காலை 10 டிகிரியில் இருக்கும் காற்று, மதியம் 27 டிகிரிக்கு ஏறும்போது இன்னும் 6 சதவீதம் அடர்த்தி இழக்கிறது. காலை ஏழு மணிக்கு இரண்டு பேரோடு, காலித் தொட்டியோடு ஓட்டிக் காட்டினால் எந்தப் படகும் பறக்கும். வாங்கும் முன் அதே ஏரியில், மதியம் இரண்டு மணிக்கு, தொட்டிகளை நிரப்பி, வழக்கமாக ஏறும் அத்தனை பேரையும் ஏற்றி லிவரை முழுக்கத் தள்ளச் சொல்லுங்கள். ஆர்பிஎம் முள் தயாரிப்பாளர் சொன்ன எல்லைக்குள் வந்து நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.