ட்ரிப்பர் விழுகிறதா? பச்சை வயரில் கை வைக்காதீர்கள்

போன மார்கழியில் தருமபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கம் ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். கீசர் போட்டுப் பத்து நிமிடம் ஆனால் ட்ரிப்பர் விழுந்து வீடே இருட்டாகிவிடும். முதலில் வேறு ஒருவர் வந்து அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறார். அதற்கப்புறம் ட்ரிப்பர் விழவே இல்லை. நாலாம் நாள் அந்த வீட்டு அக்கா குளியலறைக் குழாயைத் திருகியதும் கை சுரீர் என்று இழுத்திருக்கிறது.

நான் போய் ப்ளக்கைத் திறந்து பார்த்தேன். பச்சை வயரை, அதாவது எர்த் வயரை வெட்டி, டேப் சுற்றி, உள்ளே மடக்கி வைத்திருந்தார்கள். இத்தனை வருடம் இந்த வேலையில் இருந்தும் இதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

ட்ரிப்பர் என்று நாம் சொல்லும் ஆர்.சி.சி.பி.க்கு ஒரே வேலைதான். ஃபேஸில் போன கரண்ட் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்குப் போடுவது 30 மில்லி ஆம்பியர். 2000 வாட் கீசர் இழுப்பது ஏறக்குறைய 9 ஆம்பியர், அதாவது 9000 மில்லி ஆம்பியர். அதில் 30 காணாமல் போனாலே லைனைத் துண்டித்துவிடும். காணாமல் போவது எர்த் வயர் வழியாக மண்ணுக்குள் இறங்குகிறது. அந்த வயரை வெட்டினால் கசிவு நிற்காது, அது போகும் வழிதான் அடைபடும். அப்புறம் ஈரக் கையோடு யார் தொடுகிறாரோ, அவர் உடம்புதான் எர்த் வயர்.

அந்தக் கீசரைச் சூடு ஆறுவதற்குள் மெகர் (கரண்ட் கசியாமல் தடுக்கும் காப்பை அளக்கும் மீட்டர்) வைத்துப் பார்த்தேன். ஒரு மெகா ஓம் கூடக் காட்டவில்லை, காப்பு போய்விட்டது என்று அர்த்தம். தண்ணீரைச் சூடாக்கும் காயிலைக் கழற்றினால் வெள்ளையாக உப்பு அப்பிக் கிடந்தது. நம் பக்கத்துப் போர் தண்ணீர் எப்படி என்று உங்களுக்கே தெரியும். குடிப்பதற்கு ஒகேனக்கல் தண்ணீர் வந்தாலும், பல வீடுகளில் மேல்தொட்டிக்கு ஏறுவது போர் தண்ணீர்தான். உப்பு படிந்த காயில் சூட்டைத் தண்ணீருக்கு விடாமல் தானே காய்கிறது. நாளாக ஆக அதன் உறையில் மயிரிழை போல விரிசல் விழுகிறது. உள்ளே இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு பொடி காய்ந்திருக்கும் வரைதான் காப்பு, ஈரம் ஏறினால் கரண்டைக் கசிய விடும். சூடேறினால்தான் அந்த விரிசல் வாய் திறக்கும். பத்து நிமிடக் கணக்கு அதனால்தான். காயிலும் கேஸ்கெட்டும் மாற்றி, பச்சை வயரைத் திரும்பச் சேர்த்தேன்.

“ஸ்விட்சை ஆஃப் பண்ணினாலும் விழுகிறது, அப்படியானால் கீசர் இல்லைதானே?” என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அப்படிச் சொல்லிவிட முடியாது. சாதாரண ஸ்விட்ச் ஃபேஸை மட்டும்தான் பிரிக்கும், நியூட்ரல் சேர்ந்தே இருக்கும். கருவிக்குள் நியூட்ரல் எர்த்தில் பட்டுக்கொண்டிருந்தால், வேறு அறையில் மிக்ஸி ஓடும்போது கூட ட்ரிப்பர் விழும். பாவம், பழி மிக்ஸி மேல் விழுகிறது! ஆகவே ஸ்விட்சை நம்பாதீர்கள், ப்ளக்கைப் பிடுங்குங்கள்.

எந்த ப்ளக் என்று தெரியவில்லையா? விழுந்தது எது என்று முதலில் பாருங்கள். ஒவ்வொரு லைனுக்கும் தனியாகப் போட்டிருக்கும் சின்ன ஸ்விட்சான எம்.சி.பி. மட்டும் விழுந்திருந்தால் அது ஓவர்லோடு அல்லது ஷார்ட், விஷயம் வேறு. ட்ரிப்பர் என்றால் கை காய்ந்திருக்க, காலில் செருப்போடு, எல்லா ப்ளக்கையும் பிடுங்கிவிட்டு அதைத் தூக்கிவிடுங்கள். விழாமல் நின்றால் ஒவ்வொன்றாகச் செருகிப் போட்டுப் பாருங்கள். எல்லாம் பிடுங்கியும் நிற்கவில்லை என்றால் கோளாறு வயரிங்கிலோ, ப்ளக் இல்லாமல் நேராக இணைத்த மோட்டாரிலோ இருக்கும். மழைக்குப் பிறகு மட்டும் விழுந்தால் மாடி லைட், வாசல் காலிங் பெல் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். அதையெல்லாம் எலக்ட்ரீஷியன்தான் திறக்க வேண்டும்.

ஃப்ரிட்ஜ் கொஞ்சம் பொறுமையைச் சோதிக்கும். ஐஸ் கட்டாத வகை ஃப்ரிட்ஜில் பனியை உருக்க உள்ளே ஒரு ஹீட்டர் இருக்கிறது. அது சில மணி நேரத்துக்கு ஒருமுறைதான் வேலை செய்யும். நாள் முழுக்க ஒழுங்காக ஓடி, நடுராத்திரியில் ட்ரிப்பர் விழுந்தால் எனக்கு முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

காரிமங்கலம் வீட்டில் கிளம்பும் முன் எர்த்தையும் அளந்து பார்த்தேன், மோசம். நம் ஊர் பாறை மண், கோடையில் எர்த் குழி வறண்டே கிடக்கும். தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதே பல வீடுகளில் தெரியாது. ட்ரிப்பரில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழாவிட்டால் அதை உடனே மாற்ற வேண்டும். ஆனால் விழுந்துவிட்டது என்பதற்காக எர்த்தும் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. அந்தப் பட்டன் ட்ரிப்பரை மட்டும்தான் சோதிக்கும், எர்த்தை மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.