பச்சத்தண்ணில ஓகே, சூடானா தப்பு: பாய்லர் சென்சார் எப்படி ஏமாத்துது?

பாய்லர் எரியுது, கொஞ்ச நேரத்துல அணைஞ்சுடுது, டிஸ்ப்ளேல ஏதோ ஒரு எரர் கோடு (error code), ரீசெட் அமுக்கினா மறுபடியும் அதே கதை. உடனே போர்டு (பாய்லரை கன்ட்ரோல் பண்ற சர்க்யூட்) போச்சுன்னு முடிவு பண்ணி அதை மாத்திடுறாங்க, எனக்கு அதை பார்த்தாலே மனசு கேக்காது, ஏன்னா பல நேரம் கோளாறு விரல் நுனி சைஸ்ல இருக்கற ஒரு டெம்பரேச்சர் சென்சார்லதான் இருக்கும்.

அது ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதோட ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்டை தடுக்கற அளவு, குறையும்; அதை ஓம்ல அளப்பாங்க. நிறைய பாய்லர்ல வர்ற வகை 25 டிகிரில 10 கிலோ ஓம் (10,000 ஓம்) காட்டும், 70 டிகிரில சுமார் 1.75, 80-ல சுமார் 1.25 தான். போர்டுக்கு தண்ணி சூடா இல்லையான்னு நேரா தெரியாது, இந்த ஓம் கணக்கை வச்சுத்தான் புரிஞ்சுக்குது.

ஒயர் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோ பிரச்சனை இல்ல, நடக்கவே முடியாத ரீடிங் வரும், போர்டு உடனே கண்டுபிடிச்சு நிறுத்திடும். அரைகுறையா கெட்டுப்போறதுதான் ஆபத்து. பிளக்ல பச்சை பூத்து வெறும் 500 ஓம் கூடுதுன்னு வைங்க. தண்ணி 25 டிகிரில இருக்கும்போது 10, 10.5 ஆகும், ஒரு டிகிரிதான் வித்தியாசம், மல்டிமீட்டர் வச்சு பார்க்கறவர் "சென்சார் நல்லாத்தான் இருக்கு"ன்னு போயிடுவார். ஆனா 80-ல அதே 500 ஓம் சேர்ந்தா 1.75 ஆயிடும், போர்டு அதை 70 டிகிரின்னு நம்பி இன்னும் எரிக்கும், தண்ணி அளவு மீறி கொதிச்சு கடைசில தனியா இருக்கற ஓவர்ஹீட் கட்ஆஃப் எல்லாத்தையும் நிறுத்தும்.

அதனால சூடா இருக்கும்போதும் அளந்து பார்க்கணும். கரண்டை ஆஃப் பண்ணி, போர்டு பக்கத்து பிளக்கை கழட்டி ஒரு தடவை, சென்சார் காலுலயே ஒரு தடவை, ரெண்டுக்கும் வித்தியாசம் வந்தா நடுவுல இருக்கற ஒயரோ பிளக்கோ கெட்டிருக்கு. (கேஸ் பாய்லர்னா மூடியை கழட்டறது லைசென்ஸ் உள்ளவர் வேலை, நீங்க கை வைக்காதீங்க.)

இன்னொண்ணு, பம்ப் சுத்தலைன்னாலோ லைன்ல காத்து அடைச்சாலோ தண்ணி நெஜமாவே கொதிக்கும், அதே எரர் கோடு வரலாம், அப்போ சென்சார் உண்மையைத்தான் சொல்லுது.

புது சென்சார் வாங்கும்போது 25 டிகிரில 10 கிலோ ஓம்னு மட்டும் பார்த்து வாங்காதீங்க, 80 டிகிரில என்ன காட்டும்னும் அந்த மாடலோட டேபிள்ல ஒத்துப் பாருங்க. பைப் மேல கிளிப் மாட்டற வகைன்னா, மாட்டறதுக்கு முன்னாடி அந்த இடத்தை பளபளன்னு தேய்ச்சிடுங்க, அழுக்கு மேல உக்காந்தா புது சென்சாரும் சூட்டை குறைச்சுத்தான் காட்டும்.