கார்பன் பிளாக்: அடர்கரிமக் கட்டி

'கார்பன் பிளாக்' என்று தமிழில் எழுதினால் அது மூன்று வெவ்வேறு சரக்குகளைக் குறிக்கும். டயர் ரப்பரில் கலக்கும் கருந்தூள் ஒன்று. குடிநீர் வடிகட்டியில் போடும் உருளை இன்னொன்று. உலைச் சுவருக்கும் மின்முனைக்கும் வார்ப்பு அச்சுக்கும் அறுத்துக் கடைந்தெடுக்கும் கனத்த கட்டி மூன்றாவது. ஆங்கிலத்தில் கறுப்பு என்பதற்கும் கட்டி என்பதற்கும் ஓர் உயிரெழுத்தாவது மாறும். தமிழ் எழுத்தில் அதுவும் போய், இரண்டும் 'பிளாக்' ஆகிவிடுகின்றன. சரக்குப் பட்டியலிலும் சுங்கத் தாளிலும் இது வெறும் எழுத்துச் சிக்கலாக நின்றுவிடாது. தூள் வருமா கட்டி வருமா என்பதே குழம்பிப்போகும்.

முதலாவதற்குப் புகைக்கரி என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. எண்ணெயையோ வாயுவையோ போதிய காற்று இல்லாமல் எரித்துப் பிடிக்கும் புகைத்தூள்தான் அது. இரண்டாவது, கிளர்வூட்டிய கரித்தூளைப் பிளாஸ்டிக் பிணைப்பியோடு சேர்த்து அழுத்தியது. அந்தக் கரியில் ஒரு கிராமின் உட்பரப்பு ஆயிரம் சதுர மீட்டர் வரை போகும். அங்கே நுண்துளைதான் சரக்கு, துளை குறைந்தால் வடிகட்டி வேலை செய்யாது. மூன்றாவதில் நேர் எதிர்: துளைதான் குறை. செய்முறை முழுவதும் அந்தத் துளையை ஒழிப்பதற்கான போராட்டம். ஆகவே அதன் தமிழ்ப் பெயரில் அடர்த்தி இருந்தாக வேண்டும். 'அடர்கரிமக் கட்டி' என்பது பொருந்தும். அடர்வனம் போல வினைத்தொகையாக அமைந்து, விளக்கம் கேட்காமலே புரியும் சொல் இது.

கார்பன் என்பது லத்தீன் 'கார்போ'விலிருந்து வந்தது, பொருள் அடுப்புக்கரி. 1787-இல் பிரெஞ்சு வேதியியலார் வகுத்த பெயரிடும் முறையில் தனிமத்தின் பெயராக நிலைத்தது. தமிழும் அதே வழியில்தான் போனது: கருமையைக் குறிக்கும் அடியிலிருந்து கரி, அதிலிருந்து தனிமத்துக்குக் கரிமம். (கரிக்கும் கார்போவுக்கும் ஒலி ஒத்திருப்பதை வைத்து உறவுமுறை கற்பிப்பவர்கள் உண்டு. ஒலி ஒற்றுமைக்கு மேல் அதில் ஒன்றுமில்லை.) 'பிளாக்' இடைக்கால டச்சு மொழியில் மரத்தின் அடித்துண்டைக் குறித்த சொல். அதாவது சொற்பிறப்பின்படி பார்த்தால் 'கட்டை' என்பதே நேரான மொழிபெயர்ப்பு. ஆனால் தமிழில் கரிக்கட்டை என்றாலே விறகு எரிந்த மிச்சம்தான் நினைவுக்கு வரும், கையில் எடுத்தால் பஞ்சுபோல் எடையற்று இருப்பது. அதை இங்கே கொண்டுவர முடியாது.

சிலர் 'கரிமப் பாளம்' என்று எழுதுகிறார்கள். இது அதைவிடப் பெரிய பிழை. பாளம் என்பது உருக்கி வார்த்து இறுகவிட்டது. கரிமத்தை உருக்கி ஊற்ற முடியாது. சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் அது உருகுவதே இல்லை; ஏறத்தாழ 3,600 டிகிரி செல்சியசுக்கு மேல் திண்மத்திலிருந்து நேராக ஆவியாகிவிடும். நீர்மமாகப் பார்க்க வேண்டுமென்றால் வளிமண்டலத்தைப்போல் நூறு மடங்கு அழுத்தம் வேண்டும். வார்க்க முடியாது என்பதால்தான் தூளாக்கி, ஒட்டி, அமுக்கி, சுட்டு என்று இவ்வளவு சுற்றுவழி. 'கட்டி' என்பதில் இந்தச் சிக்கல் இல்லை. சேர்ந்து இறுகிய எதையும் அது குறிக்கும்.

தூளாக எடுப்பது பெரும்பாலும் பெட்ரோலியக் கற்கரி. சுத்திகரிப்பு ஆலையின் கனமான கசடைச் சூடாக்கி எடுப்பது. வரும்போது அதில் எடையில் 8 முதல் 14 விழுக்காடு வரை ஆவியாகும் பொருள் இருக்கும். 1,200 முதல் 1,350 டிகிரி வரை வாட்டி அதை அரை விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவர வேண்டும். இந்த வாட்டலை அரைகுறையாக விட்டால், கற்கரித் துகள் பின்னால் கட்டிக்குள் இருந்துகொண்டு தனியே சுருங்கும். சுற்றியிருக்கும் பிணைப்பு விட்டுப்போய் விரிசல் விழும். குற்றம் வாட்டும் உலையில் நடந்திருக்கும், தெரிவதோ பல வாரம் கழித்து.

வாட்டிய கற்கரியை உடைத்துச் சலித்துப் பல அளவாகப் பிரிப்பார்கள். பெருந்துகளின் இடைவெளியில் சிறுதுகளும், அதன் இடைவெளியில் மாவும் போய் உட்காரும்படி விகிதம் அமைப்பதில்தான் அடர்த்தியின் முதல் பாதி இருக்கிறது. உருக்காலை மின்முனைக்குச் சில மில்லிமீட்டர் துகள்கூட ஆகும். நுண்மையான அச்சு வெட்டுவதற்கான கட்டியில் துகள் 10, 20 மைக்ரானைத் தாண்டக் கூடாது.

பிணைப்பி, நிலக்கரித் தாரைக் காய்ச்சி வடித்தபின் அடியில் தங்கும் பிட்ச். இதற்குக் கீல் என்ற பழைய தமிழ்ச் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். மரக்கலத்தின் பலகை இடுக்கை அடைக்கப் பூசிய அதே கீல். தார் என்று எழுதினால் சாலைக்குப் போடும் பொருளோடு குழம்பும். அறை வெப்பத்தில் கீல் கண்ணாடிபோல் உடையும், 110 டிகிரியை ஒட்டி இளகும். ஆகவே 150 முதல் 170 டிகிரி சூட்டில் கற்கரியோடு பிசைவார்கள். பெருந்துகள் கட்டிக்கு எடையில் கால் பங்கை ஒட்டிக் கீல் போதும், நுண்துகளுக்குப் பரப்பு அதிகம் என்பதால் இன்னும் கூடுதலாகக் கேட்கும். கீல் குறைந்தால் கலவை உதிரும், அமுக்கியதும் அடுக்கடுக்காகப் பிரியும். மிஞ்சினால் சுடும்போது கட்டி தொய்ந்து உப்பும், தாங்கலுக்காகச் சுற்றிலும் போட்ட பொதிதூளைத் தன்மேல் ஒட்டிக்கொள்ளும்.

உருக்கொடுக்க மூன்று வழி: துவாரத்தின் வழியே பிதுக்குவது, அச்சுக்குள் அமுக்குவது அல்லது அதிரவைத்து நிரப்புவது, ரப்பர் உறைக்குள் தூளை அடைத்து நீர்மத்தில் வைத்து எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தம் கொடுப்பது. கடைசி வழிக்குச் சமவழுத்த முறை என்று பெயர். 100 மெகாபாஸ்கலும் அதற்கு மேலும் போகும். பிதுக்கும்போது நீண்ட துகள்கள் ஓட்டத்தோடு படுத்துக்கொள்வதால் கட்டியின் நீளவாக்கில் ஒரு குணம், குறுக்குவாக்கில் வேறொரு குணம். சமவழுத்தக் கட்டியில் இந்த வேறுபாடு ஏறத்தாழ மறைந்துவிடும்.

இப்படி வெளிவருவதைப் 'பச்சைக் கட்டி' என்பார்கள். ஆங்கிலத்தைப் பார்த்து எழுதியதோ என்று சந்தேகம் வேண்டாம். சுடாத மண்பாண்டத்தைத் திருக்குறளே பசுமட்கலம் என்கிறது. சுடாததைப் பச்சை என்பது நம் வழக்கு.

இனிச் சூளை. இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் போட்டால்தான் 'அடர்' என்ற சொல்லின் விலை தெரியும். 100 கிலோ பச்சைக் கட்டியில் 76 கிலோ கற்கரி, 24 கிலோ கீல் என்று கொள்வோம். அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.75 கிராம்; கன அளவு 57 லிட்டர். சுடும்போது கீலில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான் கரிமமாகத் தங்கும். 9.6 கிலோ வாயுவாக வெளியேறும். மிஞ்சுவது 90.4 கிலோ. கட்டி 3 விழுக்காடு சுருங்கினால் கன அளவு 55.4 லிட்டர். அடர்த்தி 1.63-ஆக இறங்கிவிடும்! துகளின் மெய்யடர்த்தி, அதாவது துளையைக் கழித்த அடர்த்தி, 2.05 அளவில் இருப்பதால், கட்டியில் ஐந்தில் ஒரு பங்கு வெறும் துளை. செங்குத்தாக நிறுத்தினால் நிமிர்ந்து நிற்கிறது, தட்டினால் உலோகம்போல் ஒலிக்கிறது, ஆனால் உள்ளே இருபது விழுக்காடு காற்று.

அந்த 9.6 கிலோ வாயு எப்படி வெளியேறுகிறது என்பதில்தான் ஆலைகளின் கைத்திறன் தெரியும். 350 முதல் 550 டிகிரி வரைதான் அது மிகுதியாகக் கிளம்பும். அதே வேளையில் கீல் இளகி, பின் இறுகி, மறுபடி உருகாத கரிமமாக மாறுகிறது. பெரிய கட்டிக்கு அந்த இடைவெளியில் மணிக்கு ஒரு டிகிரி, இரண்டு டிகிரி என்றே ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் வெளித்தோல் இறுகிவிடும், உள்ளே கிளம்பும் வாயுவுக்கு வழியிருக்காது, நடுவிலிருந்து சக்கரத்தின் ஆரம்போல் விரிசல் ஓடும். நுண்துகள் கட்டியில் துளைகளும் நுண்மையாக இருப்பதால் வாயு இன்னும் மெதுவாகவே கசியும்; ஒரு சுடலுக்கு இரண்டு மூன்று மாதம் ஆவதும் உண்டு. கட்டியைக் கற்கரித் தூளில் புதைத்துச் சுடுவது இரண்டு காரணத்துக்காக: இளகும்போது தாங்கிப் பிடிக்க, காற்று படாமல் காக்க. உச்சம் 800 முதல் 1,100 டிகிரி. ஆறுவதற்குள் அவசரப்பட்டுச் சூளையைப் பிரித்தால் விளிம்பு எரிந்து வட்டமாகிவிடும்.

இழந்த அடர்த்தியை மீட்க வைத்திருக்கும் வழி கீலூட்டல். சுட்ட கட்டியை அழுத்தக்கலனில் வைத்துச் சூடாக்கி, துளைகளிலுள்ள காற்றை வெற்றிடத்தால் உறிஞ்சி, 200 டிகிரிக்கு மேல் நீர்போல் ஓடும் கீலைவிட்டு, வளிமண்டலத்தைப்போல் பத்துப் பதினைந்து மடங்கு அழுத்தத்தில் உள்ளே தள்ளுவார்கள். நம் கட்டியில் பத்துக் கிலோ கீல் ஏறினாலும் மறுபடி சுட்டால் ஐந்தாறு கிலோதான் தங்கும். அடர்த்தி 1.73-ஐத் தொடும். இரண்டாம் முறை ஊட்டினால் ஏற்றம் பாதியாகக் குறையும். மூன்றாம் முறைக்குச் செலவுதான் மிஞ்சும். வெளியோடு தொடர்பில்லாத மூடிய துளைகளுக்குள் கீல் எத்தனை முறை ஊட்டினாலும் போகாது.

இதுவரை வந்தது கரிமக் கட்டி. கிராஃபைட் கட்டி இன்னும் வரவில்லை. தமிழில் இரண்டையும் ஒன்றாக்கி எழுதும் பழக்கம்தான் அடுத்த தொல்லை. சுட்ட கரிமத்தில் அணுத்தளங்கள் ஒழுங்கற்றுக் கிடக்கும். 2,600 முதல் 3,000 டிகிரி வரை கொண்டுபோனால்தான் அவை வரிசையாக அடுக்கும். அமெரிக்கரான எட்வர்ட் குட்ரிச் அச்செசன் 1890-களில் இதற்கு வழி கண்டார். கட்டிகளைக் கற்கரித் துணுக்குகளுக்கு இடையில் அடுக்கி, அதன் வழியே பெரும் மின்சாரத்தைப் பாய்ச்சும் உலை அது; ஆறுவதற்கே பல நாள் ஆகும். கட்டிகளை முனையோடு முனை சேர்த்து அவற்றின் வழியாகவே மின்சாரத்தை விடுவது காஸ்ட்னர் முறை. சில மணி நேரத்தில் உச்சத்தை எட்டும். கற்கரியில் கந்தகம் இருந்தால் 1,600 டிகிரிக்கு மேல் அது திடீரென வெளியேறிக் கட்டியை உப்பவைக்கும். அதைத் தணிக்கத்தான் தொடக்கத்திலேயே கலவையில் கொஞ்சம் இரும்பு ஆக்சைடு சேர்ப்பது.

கிராஃபைட்டாக்கத்துக்கு முன்னும் பின்னும் ஒரே கட்டிதான், ஆனால் மின்தடைமை 40, 50 மைக்ரோ ஓம் மீட்டரிலிருந்து பத்தை ஒட்டி விழுந்துவிடும். வெப்பம் கடத்தும் திறன் பத்து மடங்குக்கு மேல் ஏறும். கருவி இல்லாமலும் பிரித்தறியலாம். மூலையை வெள்ளைத் தாளில் இழுத்துப் பாருங்கள்: கிராஃபைட் வழவழவென்று சாம்பல் கோடு போடும், வெறும் கரிமம் தாளைக் கீறும், கோடு சரியாக விழாது. கடைசல் பட்டறையில் இன்னும் சீக்கிரம் தெரியும். கிராஃபைட்டைக் கார்பைடு உளி மெழுகுபோல் சீவும், கரிமம் உளியைத் தின்றுவிடும்.

கோடு போடுவதுதான் பெயருக்கும் காரணம். 1789-இல் ஜெர்மானியக் கனிமவியலாளர் வெர்னர், 'எழுது' என்று பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து கிராஃபைட் என்று பெயரிட்டார். அதற்கு முன் ஐரோப்பியர் அதை ஈயத்தின் ஒரு வகை என்றே எண்ணிக் 'கருஈயம்' என்ற பொருளில் அழைத்தனர். ஈயமல்ல, கரிமம்தான் என்று 1779-இல் சுவீடன் வேதியியலார் ஷீலே காட்டியபின்னும் பெயர் ஒட்டிக்கொண்டது. இலங்கைத் தமிழில் கிராஃபைட்டைக் காரீயம் என்று எழுதும் வழக்கம் அந்தப் பிழையின் எச்சம். தமிழில் காரீயம் என்பது வெள்ளீயத்துக்கு எதிரான ஈய உலோகம், 327 டிகிரியில் உருகிவிடும். ஆலைத் தாள்களில் அந்தச் சொல் வேண்டாம். 'எழுதுகரி' அழகான ஆக்கம், பென்சிலுக்குப் பொருந்தும். டன் கணக்கில் எடையுள்ள மின்முனைக்கு அதைச் சூட்டினால் படிப்பவர் சிரிப்பார். கிராஃபைட் என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆக, சுட்டதோடு நிற்பது அடர்கரிமக் கட்டி. உயர்வெப்பம் கண்டது கிராஃபைட் கட்டி. கொள்முதல் தாளில் இந்தப் பெயரோடு எந்த முறையில் உருக்கொடுத்தது, பெருந்துகள் அளவு, பருமனடர்த்தி (துளையையும் சேர்த்த அடர்த்தி), மின்தடைமை, சாம்பல் அளவு ஆகியவற்றையும் குறிக்க வேண்டும். அடர்த்தி 1.70 என்று ஒற்றை எண் போட்டால் பயனில்லை, 'குறைந்தது 1.70, கட்டியின் நடுவில் எடுத்த மாதிரியில்' என்று எழுத வேண்டும், கீலூட்டல் ஓரத்தில் நன்றாக ஏறி நடுவில் குறைவது வழக்கம் என்பதால். பிதுக்கிய கட்டியானால் மின்தடைமை நீளவாக்கிலா குறுக்குவாக்கிலா என்பதையும் சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் ஒன்றரை மடங்கு வேறுபாடு இருக்கலாம். அறுப்பதற்கு முன்பே ஒவ்வொரு துண்டிலும் நீளவாக்குக்கு அம்புக்குறி இட்டுவிடுங்கள். கனசதுரமாக வெட்டியபின் எந்தப் பக்கம் எது என்று கண்ணால் சொல்ல முடியாது.