"ஒண்ணும் ஆகாது, போடுங்க" என்று சொல்வதற்கு முன்

மருந்துக் கடையில் நிற்பவர்களுக்கு ஒரு பதில் எப்போதும் நாக்கு நுனியில் இருக்கும்: "ஒண்ணும் ஆகாது, போடுங்க." கூட்டம் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்கும்போது, விடை தெரியாத கேள்வி வந்தால் அதுதான் சட்டென்று வாயில் வரும். அது இல்லையென்றால், "டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க." இது பாதுகாப்பானதுபோலத் தெரியும். ஆனால் பலர் டாக்டரிடம் போவதில்லை. வீட்டுக்குப் போய்த் தங்களுக்குத் தோன்றியதைச் செய்கிறார்கள்.

இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியிருக்கும் ஒரு அம்மா. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். மூட்டுவலிக்கு யாரோ கொடுத்த பொடிப் பொட்டலத்தைக் காட்டி, "இதையும் சேர்த்துச் சாப்பிடலாமா தம்பி?" என்கிறார். பொட்டலத்தில் பெயரும் இல்லை, என்ன சேர்ந்திருக்கிறது என்ற விவரமும் இல்லை. எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் இதற்கு உடனே பதில் சொல்ல முடியாது. வார்ஃபரினின் வேலை கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் வால்வில் ரத்தம் உறையும். வயிற்றுப்போக்குக்குப் பலர் தாங்களே வாங்கிப் போடும் மெட்ரோனிடசோல்கூட அதன் வேகத்தை ஏற்றிவிடும். திடீரென்று தினமும் நிறையக் கீரை சாப்பிட ஆரம்பித்தால் இறங்கிவிடும்.

நான் சொல்வது இதுதான்: "இந்தப் பொடியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியலைம்மா. டாக்டர்கிட்ட விசாரிச்சு நாளைக்குக் காலைல 11 மணிக்குள்ள போன் பண்றேன். அதுவரைக்கும் பொடியைத் தொடாதீங்க. வார்ஃபரினை நிறுத்திடாதீங்க."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடவே கூடாது. இரண்டும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்று காதில் விழுந்ததும், பயத்தில் மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. வால்வு வைத்தவருக்கு அது உயிர் போகிற விஷயம். பொடியை ஏற்கெனவே சாப்பிட்டிருக்கிறாரா, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையைக் கடைசியாக எப்போது எடுத்தார் என்றும் கேட்டுவிட வேண்டும். சாப்பிட்டிருந்தால் அன்றே டாக்டரிடம் பேசிவிட வேண்டும். ஈறில் ரத்தம், கறுப்பாக மலம், அடிபடாமலே உடம்பில் கன்றிப்போதல் என்று ஏதாவது இருந்தால் என் போனுக்குக் காத்திருக்க வேண்டாம், நேராக மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள்.

டி.ஃபார்ம் முடித்துப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு பயம். தெரியாது என்று சொன்னால் ஆள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார், முதலாளி கோபிப்பார். நான் பார்த்தவரையில், அப்படிச் சொல்லிவிட்டு வாக்குக் கொடுத்த நேரத்துக்கு போன் செய்தால், அடுத்த மாதச் சீட்டோடு அவர் நம்மிடமே வருகிறார். மருந்து எடுத்துக் கொடுப்பதோடு நம் வேலை முடிவதில்லை. நோயாளிக்கு ஆலோசனை சொல்வதும் நம் பொறுப்பு என்று 2015-ஆம் ஆண்டின் மருந்தாளுநர் நடைமுறை விதிமுறைகளே சொல்கின்றன.

டாக்டர் போனை எடுக்காத நாளும் வரும். அப்போதும் சொன்ன நேரத்துக்குக் கூப்பிட்டு, "இன்னும் பதில் கிடைக்கலைம்மா, பொடி வேண்டாம், மாத்திரையை மட்டும் வழக்கம்போல போடுங்க" என்று சொல்லிவிடுங்கள்.