சொல் விளக்கம்: கிரியேட்டின் கைனேஸ்

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் ‘கிரியேட்டினின்’ பழகிப்போன சொல். சிறுநீரகம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க, ஆண்டுக்கு ஒருமுறையாவது அதை அளப்பார்கள். அதனால்தான் ரத்தப் பரிசோதனைத் தாளில் ‘கிரியேட்டின் கைனேஸ் – 460’ என்ற வரியும் பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறியும் இருந்தால், கிட்னி போய்விட்டதோ என்று பலர் பதறுகிறார்கள். இரண்டு சொற்களும் ஒரே குடும்பம்தான். ஆனால் கிரியேட்டினின் சொல்வது சிறுநீரகத்தின் கதை, கிரியேட்டின் கைனேஸ் சொல்வது தசையின் கதை.

1832இல் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இறைச்சியிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். கிரேக்க மொழியில் ஊனுக்குக் ‘கிரியாஸ்’ என்று பெயர். அதை வைத்துக் கிரியேட்டின் என்று பெயரிட்டார். வேடிக்கை என்னவென்றால், இன்சுலின் சுரக்கும் ‘பான்கிரியாஸ்’ உறுப்பின் பெயரிலும் அதே ஊன்தான் இருக்கிறது. ‘பான்’ என்றால் முழுவதும், ஆக, முழுச்சதை. நாம் அதைக் கணையம் என்கிறோம். பழந்தமிழில் கணையம் என்பது கதவுக்குக் குறுக்கே போடும் மரம். வயிற்றுக்குள் குறுக்காகக் கிடக்கும் உறுப்புக்கு, முழுச்சதை என்பதைவிட இது எவ்வளவோ மேல்.

‘கைனேஸ்’ பிறந்தது அசைத்தல், நகர்த்தல் என்று பொருள்படும் கிரேக்க வேரிலிருந்து. சினிமாவும் அதே வேரில் முளைத்ததுதான். இங்கே நகர்வது பாஸ்பேட். தசை சுருங்க ஏடிபி என்ற எரிபொருள் வேண்டும். தசையில் அதன் கையிருப்போ சில விநாடிகளுக்கே காணும். கிளம்பும் பேருந்தைப் பிடிக்கத் திடீரென ஓடுகிறீர்களே, அந்த முதல் சில அடிகளில் கிரியேட்டின் சேர்த்து வைத்திருக்கும் பாஸ்பேட்டை எடுத்து உடனுக்குடன் ஏடிபி ஆக்கித் தருவது கிரியேட்டின் கைனேஸ் என்ற இந்த நொதிதான். கிரியேட்டின் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து கிரியேட்டினின் ஆகிச் சிறுநீரில் போகிறது. உறவு அவ்வளவுதான்.

‘சிபிகே’ என்று எழுதியிருந்தாலும் இதே பரிசோதனைதான்; கிரியேட்டின் பாஸ்போகைனேஸ் என்ற பழைய பெயரின் சுருக்கம்.

இந்த நொதி இருக்கவேண்டிய இடம் செல்லுக்குள். தசைச் செல்லின் சவ்வு காயப்பட்டால் ரத்தத்தில் கசியும். எனவே அளவு ஏறியிருந்தால் எங்கோ தசை அடிபட்டிருக்கிறது என்று பொருள். ஏன் அடிபட்டது என்பதை எண் சொல்லாது. பல ஆய்வகங்களில் மேல் எல்லை லிட்டருக்கு 200 அலகை ஒட்டி இருக்கும். தசை அதிகமுள்ள ஆண்களுக்கு இயல்பிலேயே கூடுதல்.

சர்க்கரை மட்டும் இருந்தால் இந்த எண் பெரிதாக ஏறுவதில்லை. அதோடு கூட வருபவற்றைத்தான் பார்க்கவேண்டும். முதலில் உடற்பயிற்சி. ‘சர்க்கரை குறையணும், நடங்க’ என்று மருத்துவர் சொன்னதும் ஒரே நாளில் வேகநடை, படியேற்றம், உட்கார்ந்து எழுவது என்று எல்லாவற்றையும் தொடங்கி, தொடை வலியோடு மறுநாள் ரத்தம் கொடுத்தால் எண் எகிறத்தான் செய்யும். பழகாத பயிற்சிக்குப் பிறகு சில நாள் ஏறியே இருக்கும். கடும் பயிற்சியை நிறுத்தி, ஒரு வாரம் கழித்து மறுபடி பார்த்தால் பெரும்பாலும் இறங்கிவிடும்.

அடுத்தது, கொழுப்பைக் குறைக்கத் தரும் ஸ்டாட்டின் மாத்திரை. சர்க்கரை நோயாளிகள் பலர் இதைச் சாப்பிடுகிறார்கள். சிலருக்கு இது தசையைத் தொந்தரவு செய்யும். எண் லேசாக ஏறி, வலியும் இல்லையென்றால் வழக்கமாக மாத்திரை தொடரும். இயல்பின் மேல் எல்லையைப்போல் 10 மடங்கைத் தாண்டினால் நிறுத்தச் சொல்வார்கள். தாளைப் பார்த்துவிட்டு நாமாக நிறுத்துவது சரியல்ல. மாரடைப்பைத் தடுக்கத் தந்த மாத்திரை அது. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் இந்த அளவு ஏறும். காரணம் தெரியாத ஏற்றத்தில் தைராய்டைப் பார்க்காமல் விடக்கூடாது. தசையில் போட்ட ஊசி, கீழே விழுந்தது, வலிப்பு, மது எல்லாமே காரணமாகலாம். இன்சுலின் ஊசியைச் சந்தேகிக்க வேண்டாம், அது தோலுக்கடியில் உள்ள கொழுப்பில் போடுவது. ஈரல் பரிசோதனையில் பார்க்கும் எஸ்ஜிஓடி என்ற நொதி தசையிலும் இருப்பதால், அதன் அளவும் சில நேரம் கூடவே ஏறி, ஈரலின் மேல் வீண்பழி விழும்.

சிறுநீரகம் உண்மையிலேயே இந்தக் கதைக்குள் வரும் இடம் ஒன்று உண்டு. தசை பெருமளவில் சிதைந்தால் எண் ஆயிரக்கணக்கில் போகும். தசையின் நிறமிப் புரதம் சிறுநீரகத்துக்குப் போய் அதைக் கெடுக்கும். கடும் தசைவலி, தளர்ச்சி, கருந்தேநீர் நிறச் சிறுநீர் இவை சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும். நெஞ்சுவலி என்றாலும் அப்படியே. மாரடைப்பில் இதயத் தசையும் இந்த நொதியைக் கசியவிடும், ஆனால் இன்று அதைக் கண்டுபிடிக்க ட்ரோபோனின் என்ற தசைப் புரதத்தைத்தான் நம்புகிறார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘என்சைம்’ என்பதற்குக் கிரேக்க வேர் புளித்த மாவைக் குறிக்கும். நாம் நொதித்தலிலிருந்து நொதி என்றோம். இலங்கையில் நொதியம் என்பார்கள். வேருக்கு வேர் பொருந்திய சொல். கிரியேட்டினை ‘ஊனியம்’ என்றும் கைனேஸை ‘நகர்த்தி’ என்றும் ஆக்கிப் பார்க்கலாம். ஆனால் ‘ஊனிய நகர்த்தி’ என்று அச்சடித்த தாளை நீட்டினால் மருந்துக்கடைக்காரரும் விழிப்பார். கிரியேட்டின் கைனேஸ் என்ற பெயரைத் தமிழ் எழுத்தில் அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் ‘தசை நொதி’ என்று எழுதலாம் என்பது என் கட்சி. அந்த இரண்டு சொல் இருந்தால் முதலில் தொடை வலிதான் நினைவுக்கு வரும், கிட்னி வராது.